இது யார் போட்டது?

அவரிடம் கணினியைக் கொடுத்துவிட்டுப் பின்னேரம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அப்படியே கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார். மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடக்கும். கணினி யாருடையதோ அவர் அதில் உட்கார வேண்டும், கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். கண்டி நகரத்தில், திருகோணமலை வீதியில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருந்தது அந்த அறை. படி ஏறிப் போனவர்களில் பலர் இந்தத் தொல்லைக்குப் பயந்தே மறுபடி அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. நான் நாலைந்து வருடம் போனேன்.

இப்போது அந்த அறையில் ஒரு பல் வைத்தியர் இருக்கிறார். கணினி திருத்திய அந்தப் பெண் கனடாவுக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார், வத்தளையில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார்.

உடைந்த திரையை மாற்றுவார், சூடாகி நின்றுபோகும் மடிக்கணினியைத் திறந்து தூசி தட்டுவார். ஆனால் ஜனங்கள் அவரைத் தேடி வந்தது வேறொன்றுக்கு. தானாக வந்து குந்திக்கொண்டு, எத்தனை தடவை அழித்தாலும் திரும்பி வருகிற மென்பொருள்களை ஒழிப்பதற்கு. அதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. நாமெல்லாம் பட்டியலைத் திறப்போம், பெயரைத் தேடி 'அகற்று' என்பதை அழுத்துவோம், போய்விட்டது என்று நிம்மதியாக எழும்புவோம். அவருக்கு வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். ஒளித்து வைத்திருக்கிற கோப்புறைகளைத் திறந்து பார்ப்பார். கணினி தனக்குத் தானே குறிப்பு எழுதிவைக்கும் இடத்துக்குள் இறங்கி, முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு வரியாகப் போவார். கணினி திறக்கும்போது கூடவே விழித்துக்கொள்கிறவை எவை, இணைய உலாவியில் ஒட்டிக்கொண்டிருப்பவை எவை என்று பார்ப்பார். பிறகு அணைத்துப் போட்டு, மறுபடி முதலிலிருந்து தேடுவார்.

"எடுத்தாச்சுன்னு சொல்றது வேற அண்ணே. இல்லைன்னு சொல்றது வேற" என்பார். இதை எனக்கு மட்டுமே இருபது தடவை சொல்லியிருப்பார்.

தொடங்கும் முன் இன்னொரு சடங்கு உண்டு. பழைய கலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, கணினியில் இருக்கிற மென்பொருள்களின் பெயரையெல்லாம் பேனாவால் எழுதுவார். எழுதி முடித்ததும் ஒவ்வொன்றாகக் கேட்பார்: இது யார் போட்டது? எதுக்குப் போட்டது? நாம் சொல்கிற பதிலைப் பெயருக்கு எதிரே அப்படியே எழுதுவார். தெரியாது என்றால் 'தெரியாது' என்று எழுதுவார். முகத்தில் குற்றம் சொல்கிற சாயல்கூட இருக்காது. ஆனால் ஐந்தாறு 'தெரியாது' வரிசையாக விழுந்த பிறகு அந்தக் கதிரையில் உட்கார்ந்திருப்பது லேசான காரியம் இல்லை. நான் வேலை செய்த அரச காரியாலயத்தின் பெரியவருக்கு ஒன்பது 'தெரியாது'.

எங்கள் காரியாலயத்தில் வைத்துத்தான் அவரை முதலில் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் எங்கேயோ இலவசமாகக் கிடைத்த ஒரு சுத்தப்படுத்தும் மென்பொருளை இறக்கி வைத்திருந்தார். அது சுத்தப்படுத்தியதோ என்னவோ, நிமிடத்துக்கு ஒரு தடவை சிவப்புப் பெட்டி ஒன்றைக் காட்டி, உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது என்று அலறியது. மூன்று பேர் வந்து எடுத்தார்கள். மூன்று தடவையும் மறுநாள் காலையில் அது சப்பணம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாலாவதாக வந்தவர் இவர். முப்பத்தைந்து வயதிருக்கும். குட்டையான உருவம், ஏப்ரல் வெயிலிலும் கம்பளிச் சட்டை. வந்ததும் அங்கே இருந்த கீபோர்டுகளையெல்லாம் கவிழ்த்துத் தட்டினார். என் மேசைக் கீபோர்டிலிருந்து ஒரு பிடி வடைத்தூள் விழுந்தது.

ஒன்பதரைக்கே எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் அவர் எழும்பவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார். என்ன தங்கச்சி, வேலை முடியவில்லையா என்று கேட்டேன். தினமும் பத்து மணிக்கு என்னைத் திரும்பக் கொண்டுவா என்று அந்த மென்பொருள் கணினிக்குள் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்ததாம். அந்தக் குறிப்பையும் அழித்துவிட்டாராம். ஆனாலும் பத்தே கால் வரைக்கும் இருந்து பார்த்துவிட்டுத்தான் போவாராம். பக்கத்து மேசைக்காரர் சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்து 'நங்கி, நங்கி' என்று குழைந்துகொண்டு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். பத்து மணியானது. ஒன்றும் வரவில்லை. பத்தே காலுக்கு டீக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், கண்டியில் தங்கையோடு வாடகை வீட்டில் இருந்தவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்த நாளில் எனக்கு யாரிடமும் எதையும் நேராகக் கேட்கிற பழக்கம் இருக்கவில்லை. சுற்றி வளைத்துத் தெரிந்துகொள்வதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பட்டியல் எழுதும் வழக்கம் எப்படி வந்தது என்பதை மட்டும் அவரே ஒருநாள் சொன்னார். தொழில் தொடங்கிய புதிதில் அவரும் கேட்காமல்தான் எடுத்தாராம். ஹந்தானைப் பக்கம் ஒரு கோயில் சபையின் செயலாளர், கணினி நகரவே மாட்டேன் என்கிறது என்று கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதில் என்னவென்றே தெரியாத பெயரோடு, வருடக்கணக்காக யாரும் தொடாத மாதிரி ஒரு பழைய மென்பொருள் இருந்திருக்கிறது. இவர் அதை வேரோடு பிடுங்கிவிட்டார். அது தமிழில் எழுதுவதற்கு எந்தக் காலத்திலோ போட்டது. அதோடு சேர்ந்து அந்த எழுத்துருவும் போய்விட்டது. மறுநாள் செயலாளர் திறந்து பார்த்தால், கோயில் கடிதங்கள், திருவிழா அறிவித்தல்கள், தோட்டத்துக் குடியிருப்பில் எந்த லயத்தில் எந்தக் குடும்பம் என்ற பட்டியல் எல்லாம் அப்படி அப்படியே இருக்கின்றன. ஒன்றையும் வாசிக்க முடியவில்லை.

"சாமி பேரு கூட இங்கிலீஷ் எழுத்தும் முற்றுப்புள்ளியுமா கிடந்துச்சு அண்ணே" என்றார். ஒரு வாரம் அலைந்து மாத்தளையில் ஒரு அச்சகத்தில் அந்த மென்பொருளின் பழைய பிரதியைத் தேடிப் பிடித்துத் திரும்பப் போட்டாராம். "நல்லாத்தான் எடுத்தேன். கேக்காம எடுத்தேன். அதுதான் பிழை."

அதன் பிறகு கேட்காமல் அவர் ஒரு துரும்பைக்கூட எடுத்தது இல்லை. கேட்பதென்றால் கொண்டுவந்தவரிடம் இல்லை, கணினியின் சொந்தக்காரரிடம். ஒரு முறை நான் இருக்கும்போதே ஒருவர் தம்பியின் மடிக்கணினியைக் கொண்டுவந்து, விளையாட்டு மென்பொருளையெல்லாம் துடைத்து எடுத்துவிடச் சொன்னார். தம்பிக்குப் பரீட்சையாம். தம்பி எங்கே என்றார் இவர். வீட்டில் தூங்குகிறான் என்றார் வந்தவர். எழும்பினதும் கூட்டிக்கொண்டு வாங்க என்று சொல்லிக் கணினியை மூடிக் கையில் கொடுத்துவிட்டார். வந்தவருக்குக் கோபம். நான்தான் அவரைச் சமாதானப்படுத்திப் படி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்து, தங்கச்சி, கொஞ்சம் வளைந்துகொடுத்தால் என்ன என்று புத்தி சொன்னேன். கேட்டுக்கொண்டார். வளையவில்லை.

என் சொந்தக் கணினியும் அந்தக் கதிரைக்குத் தப்பவில்லை. அதில் மூன்று ஜாதக மென்பொருள்கள் இருந்தன. எதுக்கு மூணு என்றார். ஒன்று சொல்வதை மற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்க என்றேன். மூன்றும் மூன்று விதமாகச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நல்லதாகச் சொல்வதை எடுத்துக்கொள்வேன் என்றேன். அதையும் தாளில் எழுதிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றிலும் சேமித்து வைத்திருந்தது ஒரே ஜாதகம்தான், என் மகளுடையது.

ஒரே பிள்ளை. தெல்தெனியவில் வீடு. பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். பத்தொன்பது வயது வரைக்கும் அவள் எத்தனை மணிக்கு எங்கே இருப்பாள் என்று கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பிறகு அவளுக்குக் கம்பஸ் கிடைத்தது, மட்டக்களப்பில் பல்கலைக்கழகம். ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்தேன். அன்றிரவு தூங்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் போகும்போது புதிதாக ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முதல் நாள், மச்சான் சொல்லிக்கொடுத்தபடி அதற்குள் ஒன்றைப் போட்டேன். பார்த்தால் ஏதோ கணினிக்கு வேண்டியது போலப் பெயர். உள்ளே இருந்துகொண்டு, அவள் எந்தப் பக்கத்தைத் திறக்கிறாள், என்ன எழுதுகிறாள் என்பதையெல்லாம் என் போனுக்கு அனுப்பிவிடும். தினமும் வேலை முடிந்து தெல்தெனிய பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, போனைத் திறந்தால் மகளின் அன்றைய நாள் கையில் இருக்கும். திகனை வருவதற்குள் வாசித்து முடித்துவிடுவேன். மனைவிக்கும் சொல்லவில்லை.

செய்தது தவறு என்று அப்போது தோன்றவே இல்லை. பெற்றவனுக்கு இல்லாத உரிமையா என்று நினைத்தேன். அதோடு, அதில் வந்ததெல்லாம் நெஞ்சைக் குளிர்விக்கும் விஷயங்கள். பாடக் குறிப்புகள் தேடுவாள். மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா எப்போது என்று பார்ப்பாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அரசாங்கம் வெளியிடும் வர்த்தமானியைத் திறந்து ஆசிரியர் வேலை அறிவித்தல் இருக்கிறதா என்று பார்ப்பாள். பிள்ளைக்கு ஆசிரியத் தொழிலில்தான் ஆசை என்று நான் முடிவு செய்துகொண்டேன். தெல்தெனியப் பக்கம் இரண்டு அதிபர்களிடம் பேசி வைத்தேன். கண்டியில் ஒரு ஆசிரிய மாப்பிள்ளையின் ஜாதகத்தைக்கூட வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் பெண்பார்க்க வருவதாகப் பேச்சு. எல்லாம் அவளுடைய விருப்பம் தெரிந்துதான் செய்கிறேன் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

தவளை தன் வாயால் கெடும். அந்த மேல்மாடிப் பெண்ணைப் பற்றி வீட்டில் ஓயாமல் புகழ்ந்தது நான்தான். கடைசி வருட விடுமுறையில் வந்த மகள், ஆய்வு எழுத வேண்டும், கணினி ஊருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வியாழக்கிழமை, நான் வேலைக்கு வந்த பிறகு, அவளே கண்டிக்கு பஸ் ஏறி அங்கே போய்விட்டாள்.

பகல் பன்னிரண்டு மணியளவில் எனக்குப் போன் வந்தது.

"அண்ணே, சாப்பாட்டு நேரத்துல கொஞ்சம் வந்துட்டுப் போங்க. மகள் இங்க இருக்கா."

படி ஏறும்போதே எனக்கு விளங்கிவிட்டது. மகள் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் கலண்டர் தாள். அதில் இருந்த பெயர்களுக்கெல்லாம் எதிரே மகள் சொன்ன பதில். கடைசியில் ஒரே ஒரு பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் இடம் விட்டிருந்தது.

அவர் எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். இந்த மென்பொருளை எடுக்கப்போனால் கடவுச்சொல் கேட்கிறது, மகள் தான் போடவில்லை என்கிறாள், கணினியை வாங்கிக் கொடுத்தது நீங்கள் என்று சொன்னாள், அதனால் உங்களைக் கேட்கிறேன் என்று நிதானமாகச் சொன்னார். பிறகு பேனாவைக் கையில் எடுத்தார்.

"இது யார் போட்டது அண்ணே?"

"தெரியாது" என்றேன்.

ஒரு நொடிகூடத் தயங்காமல் அந்த வெற்று இடத்தில் 'தெரியாது' என்று எழுதினார். அவருடைய கையெழுத்து அழகானது. அந்த ஒரு சொல்லை இவ்வளவு அழகாக எழுதத்தான் வேண்டுமா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

எழுதிவிட்டு, தெரியாவிட்டால் பரவாயில்லை, மகளின் வேலைகளைப் பிரதி எடுத்துவிட்டுக் கணினியை முழுதாகத் துடைத்துவிடலாம் என்றார். நான் மூச்சு விட்டேன். அவர் பேனாவை மூடவில்லை.

"ஆனா இது சும்மா உள்ளுக்க இருக்குற ஒன்னு இல்ல. எங்கேயோ அனுப்பிக்கிட்டே இருக்கு. இந்தப் பக்கத்துல நான் எடுத்துருவேன். அந்தப் பக்கத்துல ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருக்காரே, அத என்னால இங்கருந்து எடுக்க ஏலாது."

மகள் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த பேனா மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள். என் சட்டைப்பையில் போன் இருந்தது. தாளில் எழுதிய அந்தச் சொல்லைப் பார்த்தேன். அதை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போகலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். பஸ்ஸில் போகும்போது போனைத் திறந்து என் பக்கத்தில் இருப்பதை நானே அழித்துவிடலாம். அழிப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

"நான்தான் போட்டேன்" என்றேன்.

"தெரியும்பா" என்றாள் மகள்.

அவர் 'தெரியாது' என்பதைக் கோடிட்டு வெட்டி, பக்கத்தில் 'அப்பா' என்று எழுதினார். எதுக்கு என்ற அடுத்த கேள்வியை அன்று கேட்கவில்லை. கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார். கடவுச்சொல்லை அடித்தேன். பிறகு போனைக் கேட்டார், கொடுத்தேன். அங்கே இருந்த கணக்கைத் திறந்தார். இரண்டரை வருடத்து அறிக்கைகள் நாள்வாரியாக நின்றன. அழிக்கிறதா என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, மகளிடம்.

"அழிங்க அக்கா. அதுல ஒன்னும் இல்ல" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மூணாவது மாசமே கண்டுபிடிச்சிட்டேன்பா. அதுக்குப் பிறகு இதுல நான் திறந்ததெல்லாம் நீங்க பார்க்குறதுக்காகத் திறந்தது. என்னோட வேலையெல்லாம் கூட்டாளியோட லெப்டொப்ல."

கோயில் திருவிழாவும் வர்த்தமானியும் வெள்ளிக்கிழமைகளும் என் கண்முன் ஓடின. அப்படியானால் ஆசிரிய வேலை என்று இழுத்தேன். நீங்கள் பார்த்துச் சந்தோஷப்படுவீர்கள் என்று திறந்தேன் என்றாள். ஏன் அப்போதே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எடுக்கச் சொன்னா வேற ஒன்னு போட்டிருப்பீங்க."

அது உண்மை. போட்டிருப்பேன்.

இவ்வளவு பேச்சு நடக்கும்போதும் அவர் தன் வேலையில் இருந்தார். கோப்புறைகள், குறிப்புகள், அணைத்து மறுபடி திறப்பது, தேடுவது. அரை மணி நேரத்தில் இல்லை என்றார். நான் எழும்பினேன். இன்னும் முடியவில்லை என்றார். இத்தனை நாள் மகள் அடித்த கடவுச்சொல்லெல்லாம் என் கைக்கு வந்திருக்கும், எல்லாவற்றையும் இப்போதே மாற்ற வேண்டும் என்று சொல்லிக் கணினியை அவள் முன்னால் வைத்தார்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க."

ஐம்பத்திரண்டு வயது மனிதன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். கீழே வீதியில் சாப்பாட்டு நேரச் சனம். எனக்குப் பின்னால் மகளின் விரல்கள் கீபோர்டில் ஓடும் சத்தம் கேட்டது. நிற்கும், யோசிக்கும், மறுபடி ஓடும். அவள் எனக்குத் தெரியாத ஒரு சொல்லை எனக்கு இரண்டடி தூரத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

மகள் கணினியை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினாள். நான் பின்தங்கி நின்று, அடக்கி வைத்திருந்த கோபத்தை அவர் மேல் கொட்டினேன். ஒரு போனில் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தால் கடவுச்சொல்லைக் கொடுத்திருப்பேனே, பிள்ளைக்கு முன்னால் இப்படி நிறுத்த வேண்டுமா என்று கேட்டேன். அவர் கலண்டர் தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தார். அதை என்னிடம் நீட்டவில்லை. போகிற வழியில் மகளிடம் கொடுக்கச் சொல்லவும் இல்லை. கூட இறங்கி வந்து அவளிடமே கொடுத்தார்.

"மெஷின் மகளோடது அண்ணே" என்றார்.

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. முதலில் கோபம். கோபம் தீர்ந்த பிறகு கூச்சம். கூச்சம் தீர்ந்து ஒருநாள் படி ஏறியபோது பல் வைத்தியர் இருந்தார்.

அன்று மகளும் நானும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம். அரை நாள் லீவு போட்டுவிட்டேன். ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டேன். குண்டசாலை தாண்டிய பிறகு, மாப்பிள்ளை வீட்டாரை வரவேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். ஓம் என்று தலையாட்டினாள். பிறகு, எனக்குத் தெரிந்தவரை முதல் தடவையாக, அவளிடம் நேராக ஒரு கேள்வி கேட்டேன்.

"உனக்கு என்னதாம்மா செய்ய விருப்பம்?"

"சொல்றேன்பா. இன்னைக்கு வேணாம்" என்றாள்.

சொல்வதற்கு எட்டு மாதம் எடுத்தாள். நான் ஒரு நாளும் தூண்டித் துருவவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நாள் அவளாகவே குசினிக்கு வந்து, நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது, உட்கார்ந்து சொன்னாள். நான் நினைத்திருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதை எழுதத் தொடங்கியபோது, அதையும் இங்கே எழுதலாமா என்று அவளுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்.

வேண்டாம் என்றாள்.